திறைசேரியின் திறப்பு யார் கையில்?

2022 ஆம் ஆண்டு ஏப்ரல் 12 ஆம் நாள், பிறநாட்டாரிடம் பட்ட கடனை இப்போதைக்குத் திருப்பிச் செலுத்த இயலாது என்று இலங்கை அரசாங்கம் உலகறியக் கைவிரித்தது. சுதந்திரம் பெற்ற நாள் முதலாக அத்தகைய அறிவித்தலை இந்நாடு செய்ததில்லை. அவ்வாண்டு மக்கள் பட்ட பாட்டை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. செப்டெம்பர் மாதத்தில் கொழும்பின் விலைவாசி முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ எழுபது வீதம் ஏறி நின்றது. நீர் இறைக்கும் இயந்திரத்துக்கும் மீன்பிடி வள்ளத்துக்கும் உயிரான மண்ணெண்ணெய், லீற்றர் 87 ரூபாவாக இருந்தது, ஆகஸ்ட் மாதத்தில் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று.

இக்கேடு எதனால் விளைந்தது என்ற வாதம் மட்டும் ஓய்ந்தபாடில்லை. ‘அரசாங்கம் தொடத்தகாத தொழில்களையெல்லாம் தொட்டதே காரணம், அனைத்தையும் தனியாரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியிருந்தால் இந்நிலை வந்திராது’ என்கின்றனர் ஒரு சாரார். ‘1977 இல் கதவுகளை அகலத் திறந்ததும், 2007 தொடக்கம் அந்நியச் சந்தையில் முறிகளை விற்றுக் கடன் வாங்கியதுமே காரணம்’ என்கின்றனர் மறு சாரார். இருவர் பேச்சிலும் உண்மையின் ஒரு துண்டு உண்டு. நட்டத்தில் ஓடிய கூட்டுத்தாபனங்கள் அரச வங்கிகளின் கழுத்திலே தொங்கின. 2021 முடிவில் வெளிநாட்டுக் கடனில் மூன்றிலொரு பங்குக்கு மேல் முறிக்காரருடையதாயிருந்தது. 2018 இல் நானூறு கோடி டொலருக்கு மேல் ஈட்டித் தந்த உல்லாசப் பயணத்துறை, 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகளாலும் பின்னர் கொரோனாவாலும் படுத்துவிட்டது. ஆயினும் கொரோனா உலகம் முழுவதையும் வாட்டியது. உலகம் முழுவதும் வங்குரோத்தாகவில்லையே!

எம்மைக் கேட்டால், விசாரிக்க வேண்டிய விஷயம் வேறு. அரசாங்கத்தின் கை நீளமா, குட்டையா என்று அளந்துகொண்டிருப்பவர்கள், அந்தக் கையைப் பிடித்து நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அவர்கள் ஏன் அதைச் செலுத்தவில்லை என்று கேட்பதில்லை.

வரிக் கதையையே எடுத்துக்கொள்வோம். 2019 நவம்பரில் பதவியேற்ற ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷவின் மந்திரிசபை, பதவிக்கு வந்து இரு வாரம் முடியுமுன்னரே வரிகளை வெட்டிச் சாய்த்தது. பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாயிற்று. ஆண்டொன்றுக்கு ஒரு கோடியே இருபது இலட்சம் ரூபாவுக்கு விற்பனை செய்தவர் வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்த எல்லை, முப்பது கோடியாக உயர்த்தப்பட்டது. சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்பட்ட வரியும் 2020 ஜனவரியுடன் நின்றது. பொது நிதிமீது முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது என்கிறது அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை. ஆனால் வருமான வரிச் சலுகைகளைச் சட்டமாக்கிய திருத்தம் எப்போது நிறைவேறிற்று? 2021 மே மாதத்தில்! பதினாறு மாதங்களுக்கு மேலாக, திருத்தப்படாத சட்டம் புத்தகத்திலே உறங்க, திணைக்களத்தின் அறிவித்தல்களே சட்டமாக நடந்தன. வரி விதிப்பதற்குச் சபையின் சம்மதம் தேவை என்பதற்காக மன்னரோடு மல்லுக்கட்டிய பாரம்பரியத்திலிருந்து வந்தது எமது பாராளுமன்ற முறை. வரியை விட்டுக்கொடுப்பதற்கும் அதே சம்மதம் வேண்டாமா? படித்த வர்க்கம் இதைக் கேட்கவில்லை. சம்பளச் சீட்டைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவுமில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ பன்னிரண்டு வீதமாயிருந்த அரசாங்க வருமானம், 2021 இல் எட்டு வீதத்தளவுக்கு விழுந்தது.

விழுந்த இடைவெளியை நிரப்பியது மத்திய வங்கியின் அச்சுப் பணம். 2019 முடிவில் அவ்வங்கி கையில் வைத்திருந்த அரசாங்கக் கடன் பத்திரங்கள் பத்தாயிரம் கோடி ரூபாவுக்கும் குறைவு; 2021 முடிவில் ஒரு இலட்சத்து நாற்பதினாயிரம் கோடி. பணத்தை இப்படிப் பெருக்கிக்கொண்டே, டொலர் ஒன்று இருநூற்று மூன்று ரூபாவைத் தாண்டாது என்றும் கட்டிவைத்தார்கள். கனடாவிலும் இலண்டனிலும் உழைக்கும் எம்மவர் முட்டாள்களா? வங்கி ஒரு விலையும் உண்டியல்காரர் அதைவிட நல்ல விலையும் தந்தபோது, பணம் உண்டியலில் வந்தது. 2020 இல் வங்கிகள் வழியே வந்த 710 கோடி டொலர், 2021 இல் 550 கோடியளவாகச் சுருங்கியது. அந்நிலையிலும் 2022 ஜனவரியில் முறிக்காரருக்கு ஐம்பது கோடி டொலர் எண்ணிக் கொடுக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதம், செலவிடத்தக்க டொலர் கையிருப்பு ஐந்து கோடிகூட இல்லை என்று நிதி மந்திரி அலி சப்ரி சபையிலே சொன்னார்.

கமக்காரருக்கு இவையெல்லாம் தூரத்து இடியாகத் தோன்றியிருக்கலாம். அவர்கள் தலையில் நேரே விழுந்தது 2021 மே மாதத்து வர்த்தமானி. இரசாயனப் பசளையினதும் கிருமிநாசினிகளினதும் இறக்குமதி ஒரு கட்டளையாலே தடுக்கப்பட்டது. இயற்கைப் பசளை நல்லதென்பதை எமது கமக்காரருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. குழையும் எருவும் தாட்டு மண்ணை வளர்த்த பரம்பரை அது. ஆனால் நாட்டு நெல்லினங்களை விட்டு, யூரியாவுக்கென்றே பிறப்பிக்கப்பட்ட இனங்களுக்கு அவர்களை இழுத்து வந்ததும் இதே அரசாங்கத்தின் விவசாயத் திணைக்களந்தான். அரை நூற்றாண்டுப் பழக்கத்தை ஒரு போகத்தில் மாற்று என்றால் நெற்கதிர் கேட்குமா? நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். காலபோகம் அதற்குள் விதைக்கப்பட்டுவிட்டது. விளைச்சல் முந்திய காலபோகத்தைவிட மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது. விவசாயம் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி மாகாண விடயமுமாகும். ஆனால் அவ்வேளை கருத்துக் கேட்பதற்கு வடக்கிலும் கிழக்கிலும் மாகாண சபையே இல்லை. கிழக்கின் ஆயுள் 2017 இலும் வடக்கின் ஆயுள் 2018 இலும் முடிந்திருந்தன.

அந்தக் கட்டளை பிறந்த சட்டத்தைக் கவனியுங்கள். 1969 ஆம் ஆண்டின் இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அது. எழுபதுகளில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் உருளைக்கிழங்கும் வெளியிலிருந்து வராமல் தடுக்கப்பட்ட காலத்தை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கையிலே காசு புரண்டது. ஓலை வீடுகள் கல்வீடுகளாயின. அதே ஆட்சியிலேதான் பாணுக்கு வரிசை நின்றோம். மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோனவரைப் பொலிசார் மறித்தனர். பின்னர் 1977 வந்தது. இறக்குமதிக் கதவு திறந்தது. தோட்டக்காரரின் விலை சரிந்தது. காப்பும் கொழும்பின் கட்டளை, கைவிட்டதும் கொழும்பின் கட்டளை. இரண்டிலும் தோட்டக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை.

ஆகவே ‘அரசாங்கம் ஒதுங்கட்டும்’ என்போருடன் எமக்கு உடன்பாடில்லை. அறுவடை நேரத்தில் இறக்குமதிக்காரனுடன் தனித்து மோத இரண்டு பரப்புத் தோட்டக்காரனால் முடியுமா? குளமும் களஞ்சியமும் உத்தரவாத விலையும் அரசாங்கத்தின் கடமைகள். எமக்கு வேண்டியது, அந்தக் கடமையைச் செய்யும் கைக்கு ஒரு சட்டக் கட்டு. அக்கட்டு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்குச் சீனி ஒன்றே போதும். 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம், விசேட பண்ட அறவீட்டை ஒரு கட்டளையால் கூட்டவும் குறைக்கவும் மந்திரிக்கு அதிகாரம் தந்தது. 2020 ஒக்டோபரில் ஒரு கிலோ சீனிக்கு ஐம்பது ரூபாவாயிருந்த அறவீடு இருபத்தைந்து சதமாக்கப்பட்டது. திறைசேரி கோடி கோடியாக இழந்தது. சங்கக்கடையிலே சீனி வாங்கியவருக்கு அந்த ஐம்பது ரூபா குறையவில்லை.

1953 ஐயும் ஒரு கணம் நினைப்போம். கொரிய யுத்தத்தால் வந்த வருமானம் வற்றியதும், கொத்து இருபத்தைந்து சதமாயிருந்த கூப்பன் அரிசியை எழுபது சதமாக்கினார் அன்றைய நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா (பின்னாளில் கதவுகளைத் திறந்துவிட்டவரும் இவரே). ஆகஸ்ட் 12 இல் ஹர்த்தால் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒக்டோபரில் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். கொடுமை கொடுமைதான். ஆனால் அந்தக் கொடுமைக்கு இரண்டு மாதத்தில் ஓர் ஆள் பதில் சொன்னார்.

எமது காலத்தில் பதில் நீதிமன்றத்திலிருந்து வந்தது. 2023 நவம்பர் 14 இல் உயர் நீதிமன்றம், ஐவரில் நால்வரின் தீர்ப்பாக, கோத்தாபய, மஹிந்த, பஸில் ராஜபக்ஷக்களும், மத்திய வங்கியினதும் திறைசேரியினதும் அன்றைய தலைமை அதிகாரிகள் சிலரும், மக்கள் வைத்த நம்பிக்கைப் பொறுப்பை மீறி, சட்டத்தின் முன் சமத்துவம் என்ற 12(1) ஆம் உறுப்புரையையும் மீறினர் என்று தீர்த்தது. பொருளாதாரக் கொள்கை நீதிமன்றத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று ஒளிந்துகொள்ள இனி இடமில்லை என்ற அளவில் அது பெரிய தீர்ப்பே. கையிற் கிடைத்ததோ மனுதாரருக்கு வழக்குச் செலவாக ஒரு இலட்சத்து ஐம்பதினாயிரம் ரூபா. நட்டத்தை ஏற்றவர்கள் அந்த வழக்கிலே பெயர் இல்லாதவர்கள். உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் ஊழியர் சேமலாப நிதியின் முறிகள் குறைந்த வட்டிக்கு மாற்றப்பட்டன. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. கோடீஸ்வரனும் கூலியாளும் ஒரே வீதம்.

சர்வதேச நாணய நிதியத்தின் உதவி 2023 மார்ச்சில் கிடைத்தபின் சில கட்டுகள் போடப்பட்டிருக்கின்றன. அரசாங்கத்துக்கு நேரே கடன் கொடுக்க மத்திய வங்கிக்கு 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் தடை விதித்தது; அதை வரவேற்கிறோம். வட்டி நீங்கலான அரசாங்கச் செலவு மொத்த உற்பத்தியில் 13 வீதத்தைத் தாண்டலாகாது என்று 2024 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டம் வரம்பிட்டது. அதை ஐயத்துடன் பார்க்கிறோம். ஆஸ்பத்திரி மருந்தும் வாய்க்கால் திருத்தமும் அதே பதின்மூன்றுக்குள் அடங்க வேண்டுமே! 2003 இலும் பற்றாக்குறைக்கு எல்லை வகுத்து ஒரு சட்டம் வந்தது. எல்லை இடித்தபோதெல்லாம் எல்லைக்கல்லையே நகர்த்தினார்கள்.

தொகைகளுக்கு வரம்பு கட்டியவர்கள் கட்டளைகளுக்கு வரம்பு கட்டவில்லை. 1969 ஆம் ஆண்டுச் சட்டமும் 2007 ஆம் ஆண்டுச் சட்டமும், மந்திரியின் கட்டளை வர்த்தமானியில் வெளியான அன்றே உயிர் பெறவும், சபை பின்னர் ஆறுதலாகக் கையுயர்த்தவும் இடம் வைத்தன. முன்கூட்டிச் சபையில் பேசினால் வியாபாரிகள் பதுக்குவர் என்று சமாதானம் சொல்வார்கள். நியாயம்; அப்படியானால் பதினான்கு நாளுக்குள் சபையின் அங்கீகாரம் பெறாத கட்டளை தானாகவே ஒழியும் என்று இரண்டு சட்டங்களிலும் ஒரு வரி சேர்க்கட்டும். பயிர்ச்செய்கையைத் தொடும் கட்டளையாயின், அந்தந்த மாகாணத்துக் கமக்காரர் அமைப்புகளின் கருத்து எழுத்திலே பெறப்பட்டுச் சபையில் வைக்கப்படட்டும். வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் எமது பிரதிநிதிகளுக்குக் கிடைக்கும் நிமிடங்கள் சொற்பம். அந்த நிமிடங்களில் இந்தத் திருத்தத்தை முன்மொழிவார்களா என்று, அடுத்த முறை ஊருக்கு வரும்போது கமக்காரர் சங்கங்களே அவர்களிடம் கேட்கட்டும்.