ஆடத் தெரிந்த பின்னரா ஆடுவது?

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது நம் பழமொழி. தன் குறையை மறைக்கப் பிறிதொன்றின்மீது பழி சுமத்துவோரை இடித்துரைக்க இதனைக் கூறுவர். அவள் கூடத்தைப் பழித்தது தவறே. ஆனால், 'எனக்கு ஆடத் தெரியாது, கற்றுக்கொள்ளலாமா?' என்று அவள் கேட்டிருந்தால், கூடியிருந்தோர் இடம் தந்திருப்பார்களா? மாணவர்களே, இவ்வினாவை உங்கள்முன் வைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஆடல் என்றதும் இன்று நம் மனத்தில் தோன்றுவது மேடை. ஆண்டு விழா, ஒப்பனை, போட்டி, பரிசு ஆகியவை அதனைத் தொடர்ந்து வருகின்றன. ஆடுவோர் சிலர், அமர்ந்து பார்ப்போர் பலர். மேடைக் கலை உயர்ந்தது. பல்லாண்டுப் பயிற்சியால் வாய்ப்பது. எனினும் அது மட்டுமே ஆடல் அன்று. கும்மியில் வட்டமாய் நின்று கைகொட்டும் அனைவரும் ஆடுவோரே. அங்கே நடுவர் இல்லை. உலகின் பல மக்களிடமும் இத்தகைய கூடி ஆடும் மரபு உண்டு. அவற்றுள் ஒன்றான சல்சாவை நீங்கள் அறிந்துகொள்வது நலம் என்பது என் கருத்து.

பெயர்ந்து சென்றோரின் இசை

சல்சாவின் வேர் கியூபத் தீவில் உள்ளது. ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த கித்தார் இசையும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் முழவோசையும் கலந்து அங்கே 'சோன்' என்னும் இசைவகை உருவாயிற்று. கியூபாவிலிருந்தும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் பிழைப்பை நாடி நியூயார்க் சென்றோர் தம் இசையையும் உடன்கொண்டு சென்றனர். அவர்தம் பிள்ளைகள் அந்நகரில் கேட்ட ஜாஸ் இசையை அதனோடு இணைத்தனர். 1923இல் பிறந்த டிட்டோ புவெந்தே, 1936இல் பிறந்த எடி பால்மியேரி, 1950இல் பிறந்த வில்லி கோலோன் ஆகிய மூவரும் நியூயார்க்கில் பிறந்த போர்ட்டோ ரிக்கோக் குடும்பத்துப் பிள்ளைகளே. 1964இல் ஜானி பச்சேகோவும் ஜெரி மசூச்சியும் தொடங்கிய ஃபானியா இசைத்தட்டு நிறுவனம் இவ்விசையைப் பரப்பிற்று. 1970களில் 'சல்சா' என்னும் பெயர் எங்கும் வழங்கலாயிற்று. ஸ்பானிய மொழியில் அச்சொல் உணவோடு சேர்த்துண்ணும் சுவைச்சாற்றைக் குறிக்கும்.

எட்டில் அடங்கும் தொடக்கம்

சல்சாவைத் தொடங்குவதற்கு நடக்கத் தெரிந்தால் போதும். இசையை எட்டு எண்ணிக்கையாகப் பகுத்துக்கொள்க. ஒன்றில் இடக்காலை முன்வைத்து, இரண்டில் உடல் எடையை வலக்காலுக்கு மாற்றி, மூன்றில் இடக்காலை மீண்டும் நடுவிற்குக் கொணர்க. நான்கில் காத்திருக்க. ஐந்தில் வலக்காலைப் பின்வைத்து, ஆறில் எடையை இடக்காலுக்கு மாற்றி, ஏழில் வலக்காலை நடுவிற்குக் கொணர்க. எட்டில் மீண்டும் காத்திருக்க. எதிரில் நிற்பவர் இதனையே மாற்றிச் செய்வார்: நீங்கள் முன்செல்லும்போது அவர் பின்செல்வார். அடிகள் சிறியனவாக இருத்தல் நன்று. கால்களைக் குனிந்து பார்க்காமல் இசைக்குச் செவிகொடுத்தல் அதனினும் நன்று.

தொடங்குவோர் பெரும்பாலும் இடறுவது நான்கிலும் எட்டிலுமே. சும்மா நிற்கும் பொறுமை எளிதில் வருவதில்லை. கருநாடக இசை பயில்வோர் இதனை விரைவில் உணர்வர். ஆதி தாளமும் எட்டு எண்ணிக்கை உடையது. அதில் கையைத் தட்டும் இடங்களும் உண்டு. ஓசையின்றிக் கையைத் திருப்பும் வீச்சும் உண்டு. ஓசை இல்லை என்பதற்காக வீச்சை எவரும் விட்டுவிடுவதில்லை. சல்சாவில் காத்திருக்கும் எண்ணிக்கையும் அத்தகையதே.

கூடத்தின் ஒழுக்கம்

'ஒருவர் கையை ஒருவர் பற்றி ஆடுவது நமக்கு ஒவ்வாது' எனச் சில பெற்றோர் கருதக்கூடும். அவர்தம் அக்கறை மதிக்கத்தக்கது. ஆயினும் இவ்வாடலுக்கென ஓர் ஒழுங்கு உண்டு என்பதையும் அவர்கள் அறிதல் வேண்டும். ஆட விரும்புவோர் முதலில் கேட்க வேண்டும், கேட்கப்பட்டவர் மறுக்கலாம், மறுப்பிற்குக் காரணம் கேட்டல் கூடாது. வலிந்து இழுப்பது ஆடல் ஆகாது. எதிரில் இருப்பவர் புதியவராயின், தேர்ந்தவர் தம் திறனைக் காட்டாது அவருக்கேற்ப எளிதாக ஆட வேண்டும். கியூபாவில் இணைகள் வட்டமாய் நின்று, ஒருவர் குரல்கொடுக்க, இணை மாற்றி ஆடும் 'ருவேதா' என்னும் வகையும் உண்டு. அதில் ஒருவர் தவறினும் வட்டம் முழுவதும் தடுமாறும். ஆகவே பிறரைக் கவனித்து ஆடுதல் அனைவர்க்கும் கடமையாகிறது. வேண்டும்போது கேட்கவும், வேண்டாதபோது தயங்காமல் மறுக்கவும், பிறர் மறுப்பை முகம் சுளிக்காமல் ஏற்கவும் பழகுவது எந்தப் பண்பாட்டிற்கும் ஊறு செய்யாது. விரும்பாதோர் கைகோக்காமல் தனித்து நின்றும் அடிகளைப் பயிலலாம்.

'நம் ஆடல்கள் இருக்கப் பிறர் ஆடல் எதற்கு?' என்பது மற்றொரு வினா. நியூயார்க்கின் அத்தலைமுறை, ஆங்கிலம் வழங்கும் நகரில் பயின்று வளர்ந்தது. ஜாஸையும் விரும்பிக் கற்றது. எனினும் அவர்களின் சல்சாப் பாடல்கள் பெரும்பாலும் பெற்றோர் மொழியாகிய ஸ்பானியத்திலேயே அமைந்தன. புதியதைக் கற்றதால் அவர்கள் பழையதை இழந்துவிடவில்லை.

பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் தமிழ் பயிலும் உங்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ழகரம் பிறழ்ந்துவிடுமோ, ஊரிலுள்ள உறவினர் நகைப்பரோ என்று அஞ்சித் தொலைபேசியில் பாட்டியிடம் இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகள் பலர். பிழையின்றிப் பேச வந்தபின் பேசலாம் எனக் காத்திருந்தால் அந்நாள் வாராது. பேச்சும் கூடி ஆடும் ஆடல் போன்றதே. தடுமாறுபவருக்காகச் சற்று நிதானிப்பது எதிரில் இருப்பவரின் கடமை. அதனைப் பெரியோரும் உணர்தல் வேண்டும். பிழையைக் கண்டு நகைக்கும் வீட்டில் பிள்ளைகள் பேசுவதைக் குறைத்துக்கொள்வர்.

ஆகவே அடுத்த தமிழ் வகுப்பில் மேசைகளை ஓரமாக நகர்த்திவிட்டு வட்டமாய் நில்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று எனத் தமிழில் உரக்க எண்ணி அடி வையுங்கள். நான்கில் வாய்மூடி நில்லுங்கள். அருகில் நிற்பவர் தவறினால் அவருக்காக மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.