பாலைவனத்து வெள்ளரிக்காய்



சென்ற மாதம் கத்தாரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவருக்கு ராமநாதபுரம் மாவட்டத்து முதுகுளத்தூர்ப் பக்கம். ஊரில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம், மிளகாய்ச் சாகுபடி. கண்மாய் நிரம்பாத வருடங்கள் கூடிக்கொண்டே போனதால், நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு விமானம் ஏறியிருக்கிறார். கட்டட வேலைக்கென்று போனவருக்குக் கடைசியில் அமைந்தது தோஹாவுக்கு வடக்கே ஒரு பண்ணையில் வெள்ளரிக்காய் வளர்க்கும் வேலை. தண்ணீர் இல்லையென்று விவசாயத்தை விட்டு வந்தவன், மழையே இல்லாத ஊரில் விவசாயம் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் கடிதத்தை மடிக்க மனம் வரவில்லை.

வானம் பார்த்த பூமி என்று நாம் சொல்லும் ராமநாதபுரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மி.மீ. மழை பெய்கிறது. கத்தாரில் பெய்வது 80 மி.மீ.கூட இல்லை. ஆறு கிடையாது, ஏரி கிடையாது. மழை பெய்தால் நீரும் வண்டலும் சேர்ந்து தங்கும் பள்ளமான இடங்கள் உண்டு. அவற்றை அரபியில் ரவ்தா என்கிறார்கள். அந்த நாட்டில் பயிர் விளையக்கூடிய மண் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. எத்தனையோ ஊர்ப் பெயர்கள் ரவ்தா என்றே தொடங்குகின்றன. ஊருணியைச் சுற்றி ஊர் வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும்.

இப்படிப்பட்ட ஒரு நாடு பண்ணைகள் மீது இவ்வளவு ஆசை வைத்ததற்கு 2017 ஜூன் 5 முக்கியமான காரணம். அன்று சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நான்கு நாடுகளும் கத்தாருடன் உறவை முறித்துக்கொண்டன. கத்தாருக்கு இருக்கும் ஒரே தரைவழி எல்லை சவுதியுடன்தான். அதையும் மூடினார்கள். உணவில் ஏறத்தாழ 90 சதவீதத்தை இறக்குமதி செய்துவந்த நாடு அது. அதில் சுமார் 40 சதவீதம் அந்த எல்லை வழியாக லாரிகளில் வந்துகொண்டிருந்தது. அது நோன்பு மாதம் வேறு. சூப்பர் மார்க்கெட் அலமாரிகள் சில மணி நேரத்தில் காலியாயின. துருக்கியிலிருந்து பால் விமானத்தில் வந்தது. ஈரானிலிருந்து காய்கறிகள் வந்தன. ஓமன் துறைமுகங்கள் வழியாகச் சரக்குகள் சுற்றி வந்தன. கையில் பணமிருந்ததால் பட்டினி வரவில்லை. ஆனால் ஒரு பயம் வந்துவிட்டது.

அடுத்த மாதமே மாடுகள் விமானத்தில் வந்து இறங்கின. ஜெர்மனியில் வாங்கிய ஹோல்ஸ்டீன் கறவை மாடுகள். முதல் தவணையில் 165. தோஹாவிலிருந்து வடக்கே அல் கோர் பக்கம் பாலைவனத்தில் பலத்னா என்ற நிறுவனத்தின் பண்ணை இருந்தது. பெயருக்கு அரபியில் ‘நம் நாடு’ என்று பொருள். அதுவரை ஆடு வளர்த்துக்கொண்டிருந்த இடத்தில் பிரம்மாண்டமான கொட்டில்கள் எழுந்தன. மின்விசிறியும் நீர்த்தூவலும் போட்டு மாடுகளைக் குளிர்ச்சியாக வைத்திருந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் நாட்டின் பால் தேவை உள்ளூரிலேயே பூர்த்தியாகி, ஏற்றுமதியும் தொடங்கியது. முகத்தெதிரே கதவு சாத்தப்பட்ட ஒரு சமூகம் இவ்வளவு வேகமாக எழுந்து நின்றதை நான் மனதார மதிக்கிறேன்.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அந்த மாடுகள் எதைத் தின்கின்றன? தீவனத்தில் பெரும்பகுதி கடல் கடந்துதான் வருகிறது. முன்பு பால் லாரியில் வந்தது. இப்போது வைக்கோலும் தானியமும் கப்பலில் வருகின்றன. மாடு வளர்க்கிற நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது: தீவனம் கைவசம் இருந்தால்தான் பால் நம்முடையது. கப்பலில் வந்த தீவனத்தைக் கிடங்கில் சில மாதங்களுக்குச் சேர்த்துவைக்கலாம், பாலை அப்படி வைக்க முடியாது என்பது ஒரு லாபம்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் அதைத் தன்னிறைவு என்று கொண்டாடும்போது பாதிக் கணக்கைத்தான் சொல்கிறோம்.

முழுக் கணக்கையும் பட்டுத் தெரிந்துகொண்ட நாடு பக்கத்திலேயே இருக்கிறது. சவுதி அரேபியா 1970களின் இறுதியில் கோதுமையில் இறங்கியது. உலகச் சந்தை விலையைப்போலப் பல மடங்கு கொடுத்து அரசே கொள்முதல் செய்தது. ஆழ்துளைக் கிணறுகள் பூமிக்குள் இறங்கின. கிணற்றை நடுவில் வைத்து, சக்கரம் பூட்டிய நீண்ட குழாய் ஒன்று கடிகார முள் மாதிரி வயலைச் சுற்றிவந்து தண்ணீர் தெளிக்கும். மணலுக்கு நடுவே பச்சை வட்டங்கள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. விண்வெளியிலிருந்து எடுத்த படங்களிலும் அவை தெரிந்தன. 1980களின் நடுவில் தன்னிறைவு. 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன் விளைச்சல். உலகின் பெரிய கோதுமை ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாகவே சவுதி ஆகிவிட்டது.

அத்தனைக்கும் பாய்ச்சியது, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன், அந்தப் பூமியில் மழை பெய்த காலத்தில் பாறைகளுக்கடியில் தங்கிய நீர். எடுத்தால் எடுத்ததுதான், திரும்ப ஊறாது. ஒரு கிலோ கோதுமைக்கு உலகச் சராசரியில் 1,800 லிட்டர் தண்ணீர் வேண்டும். அப்படியானால் சவுதி ஏற்றுமதி செய்தது கோதுமையையா, தண்ணீரையா? 2008ல் அரசே முடிவெடுத்தது: கொள்முதலை ஆண்டுக்கு எட்டில் ஒரு பங்கு வீதம் குறைத்து, 2016ல் நிறுத்திவிடுவது. பின்னாளில் வரம்புகளோடு ஓரளவு அனுமதித்தார்கள். போன தண்ணீர் போனதுதான்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சவுதியின் பெரிய பால் நிறுவனமான அல்மராய், 2014ல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஏறத்தாழ 10,000 ஏக்கர் வாங்கி, குதிரைமசால் தீவனம் பயிரிட்டு ஊருக்கு அனுப்பியது. அரிசோனாவும் பாலைவனம். அங்கேயும் நிலத்தடி நீர்தான். தங்கள் கிணறுகள் வற்றுவதாக அங்குள்ளவர்கள் முறையிட, 2023ல் மாநில ஆளுநர் அந்த நிறுவனத்துக்கு விட்டிருந்த அரசு நிலக் குத்தகை ஒன்றை ரத்துசெய்தார். மற்றவற்றைப் புதுப்பிக்கவும் மறுத்துவிட்டார். ஒரு பாலைவனத்தின் தாகத்தை இன்னொரு பாலைவனத்தின் மீது இறக்கிவைத்த இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கத்தாரின் நிலத்தடி நீரும் அப்படித்தான். மழையால் ஊறுவதைப்போலப் பல மடங்கு ஒவ்வோர் ஆண்டும் வெளியே எடுக்கிறார்கள். எடுக்க எடுக்கக் கீழிருந்து உப்புநீர் மேலே ஏறுகிறது. குடிநீர் ஏறத்தாழ முழுக்கக் கடல்நீரைச் சுத்திகரித்து வருவது. எரிவாயுவை எரித்துத்தான் அதைச் செய்கிறார்கள். வடிகட்டிய உப்பெல்லாம் திரும்பக் கடலுக்கே போகிறது. அந்தத் தண்ணீரில் நெல்லோ கோதுமையோ விளைவிப்பது கட்டுப்படியாகாது.

என்னைக் கேட்டால், ஒரு வறண்ட நாடு எதை விளைவிக்கலாம் என்பதைப் பெருமை முடிவு செய்யக் கூடாது, தண்ணீர் முடிவு செய்ய வேண்டும். சீக்கிரம் அழுகக்கூடிய காய்கறியை உள்ளூரில் விளைவிக்கலாம். ஆண்டுக்கணக்கில் கெடாத தானியத்தை வாங்கிக் கிடங்கில் வைக்கலாம். எல்லை மூடப்பட்ட பிறகு கத்தார் ஹமத் துறைமுகத்தில் பெரிய உணவுக் கிடங்குகளைத் திட்டமிட்டது சரியான காரியம். 2030க்கு அந்த அரசு வகுத்திருக்கும் இலக்கிலும் இந்த நிதானம் தெரிகிறது. காய்கறியில் 55 சதவீதம் போதும் என்கிறார்கள். நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தீவனப் பயிருக்குப் பாய்ச்சுகிறார்கள். இது நம் ஊர்களும் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை.

முதுகுளத்தூர்க்காரர் தான் வேலை பார்க்கும் பசுமைக் குடிலைப் பற்றி எழுதியிருந்ததையும் சொல்ல வேண்டும். செடி நிற்பது மண்ணில் இல்லை, பையில் நிரப்பிய தேங்காய் நார்த்தூளில். அந்த நார்த்தூள் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்ததாம். சொட்டுக் குழாயில் நீரும் உரமும் அளந்து இறங்குகின்றன. ஒரு பக்கச் சுவரில் தண்ணீர் வழியும் தடித்த அட்டைகள், எதிர்ச்சுவரில் ராட்சத மின்விசிறிகள். ஈரக்காற்று உள்ளே ஓடுகிறது. கோடையில் செடி குடிப்பதைவிடக் குடிலைக் குளிர வைக்கவே அதிகத் தண்ணீர் செலவாகிறது என்று கவனித்து எழுதியிருந்தார். வல்லுநர்கள் சொல்வதும் அதுதான். குளிர்காலத்தில் இந்தச் செலவில்லை. அப்போது அல் மஸ்ரூஆ, அல் கோர், அல் வக்ரா திடல்களில் உள்ளூர்க் காய்கறிச் சந்தை கூடும். தான் பறித்த வெள்ளரியை அங்கே யாரோ ஒரு பாட்டி முகர்ந்து பார்த்து வாங்கியதைக் கண்டதும் ஊர் ஞாபகம் வந்துவிட்டதாம்.

கோடையில் காலை 10 மணி முதல் 3.30 வரை வெட்டவெளி வேலைக்கு அங்கே சட்டப்படி தடை உண்டு. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை. ஆனால் குடிலுக்குள் நின்று பறிப்பவர்களின் புழுக்கத்தை யார் அளக்கிறார்கள்? இவர்கள் விடியுமுன் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு பறிக்கப் போகிறார்களாம். வளைகுடாவின் உணவுப் பாதுகாப்பைப் பற்றிய அறிக்கைகளில் டன்கள் இருக்கின்றன, சதவீதங்கள் இருக்கின்றன. இந்தக் கைகள் இல்லை. நமக்கு அவை சொந்தக்காரர்களின் கைகள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வளைகுடா நாடுகளில் பண்ணைகளிலும் மாட்டுக் கொட்டில்களிலும் பசுமைக் குடில்களிலும் வேலை பார்க்கும் வாசகர்கள் எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் வீட்டிலிருந்து அப்படி யாரேனும் போயிருந்தால் அவர்களை எழுதச் சொல்லுங்கள். என்ன விளைகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள், ஊரில் உங்கள் நிலம் இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். எழுத நேரமில்லை என்றால் பேசி அனுப்பினாலும் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். உங்கள் பெயரையும் பண்ணையின் பெயரையும் வெளியிட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்