ஜூலை 31: ‘தள்ளிவைப்பாங்க’ என்று காத்திருக்கலாமா?

‘எப்படியும் தேதியைத் தள்ளிவைப்பாங்க, அப்புறம் பார்த்துக்கலாம்’ – வருமான வரிக் கணக்கு என்றாலே பலரும் சொல்வது இதுதான். 2025-ல் ஜூலை 31 கெடு செப்டம்பர் 16 வரை நீண்டது உண்மைதான். அதையே நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து.

மாதச் சம்பளக்காரர்களுக்குக் கெடு ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை தாக்கல் செய்யலாம். தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. பாக்கி வரிக்கு மாதம் 1 சதவீத வட்டி தனி.

பெரிய இழப்பு வேறு. கெடு தாண்டினால் பழைய வரி முறையைத் தேர்வு செய்ய முடியாது. பிஎஃப், எல்ஐசி என்று வருஷம் முழுக்கக் கட்டியதற்கான கழிவு கைவிட்டுப் போகும். பங்குச் சந்தை நஷ்டத்தையும் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது.

ஜூன் 15-க்குள் ஃபார்ம் 16 தரப்பட வேண்டும். அதன்பின் ஆறு வாரம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். தாக்கல் செய்த 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்தால்தான் வேலை முடியும்.