ஆகாயத்தில் ஒரு மணி

சென்னை விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். திருச்சியிலிருந்தோ ஏறக்குறைய 185 தான். தூரம் பாதியானால் நேரமும் பாதியாகும் என்று நம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள். அதற்கு நாமும் முழு மார்க்குக் கொடுத்துவிடுவோம். விமானக் கம்பெனியின் கால அட்டவணை மட்டும் அதை ஒப்புக்கொள்வதில்லை. 2025 மார்ச் 30ந் தேதி திருச்சி - யாழ்ப்பாணம் விமானம் ஆரம்பமாயிற்று. பிரயாண நேரம் சுமார் ஒரு மணி. சென்னையிலிருந்து போகிறவருக்கு ஒன்றேகால் மணிதான்!

காரணம் சுலபமானது. ஓடுபாதையின் முனைவரை ஊர்ந்து செல்லவும், மேலே ஏறவும், கீழே இறங்கவும் ஆகிற நேரம், போகிற தூரம் எதுவானாலும் அநேகமாக ஒன்றே. இந்தத் தடத்தில் விடப்பட்ட சிறிய ஏ.டி.ஆர். விமானம் நடுவானில் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் போகக்கூடியது. அந்த வேகத்தைக் காட்டுவதற்கு அதற்கு அவகாசம் ஏது?

நிற்க, ராமேசுவரத்துக்காரரின் கணக்கு வேறு. அவருக்குப் பலாலி நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர். ஆனாலும் முதலில் ரயிலேறி, யாழ்ப்பாணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஐந்து மணி நேரம் போலத் திருச்சிக்குப் பிரயாணம் செய்ய வேண்டும். அயல்நாட்டுப் பிரயாணமானதால் மூன்று மணி முன்னதாக வரச் சொல்லுவார்கள். பிறகுதான் அந்த ஒரு மணி ஆகாயம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுதான்.

உல்லாசப் பிரயாணிக்கு இது பெரிய விஷயமல்ல. அக்கரையில் அக்காளையோ அத்தையையோ கட்டிக்கொடுத்திருக்கும் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் துக்கச் செய்தி வருகிறது; மாலைக்குள் எடுத்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டு தயாராயிருந்து, ஆசனமும் கிடைத்தால்கூடக் கடைசியாக முகத்தைப் பார்ப்பது சந்தேகமே.

1914ல் வழி இத்தனை சுற்றாக இல்லை. பாம்பன் பாலம் திறந்த அவ்வருஷமே, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் கடலில் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு போய்ச் சேரலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் ராமேசுவரத்திலிருந்து விட்ட கப்பலும் 1980களில், இலங்கையில் யுத்தம் மூண்ட காலத்தில் நின்றது.

ராமநாதபுரம் ஜில்லாவில் ஓடுபாதையே இல்லை என்பதில்லை. உச்சிப்புளியில் இருக்கிறது, அது கடற்படையினுடையது. 2025 மார்ச் வரவு செலவுத் திட்டத்தில், ராமேசுவரத்தில் விமான நிலையம் அமைக்க நடவடிக்கை எடுப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது. உடனே, 'சென்னைக்கு விமானம் உண்டா?' என்ற கேள்விதான் முதலில் எழும். யாத்திரிகர்களுக்கு அது தேவைதான். கிழக்கே போகும் விமானத்தைப் பற்றியும் யாராவது கேட்க வேண்டாமா? சுங்க அதிகாரிகளையும் குடியேற்ற அதிகாரிகளையும் ஆரம்பத்திலேயே அங்கே அமர்த்தினாலல்லவா அது நடக்கும்? நூறு கிலோமீட்டருக்கு முக்கால் மணி பிடித்தாலும் பிடிக்கட்டும். ரயிலில் கழியும் ஐந்து மணி மிச்சம்.

அதுவரையில் தலைமன்னாருக்கு ஒரு கப்பல் விட்டால் போதும். அதற்கு ஓடுபாதை வேண்டாம்.