விலகும் உரிமை

சென்னையில் பிறந்த ஒருவர் அமெரிக்க காங்கிரஸில் அங்கத்தினராக அமர்ந்தால் நம்மவர் பெருமை கொள்வது இயல்பே. ஸ்ரீமதி பிரமீளா ஜயபால் 1965-ம் வருஷம் சென்னையில் மலையாளப் பெற்றோருக்குப் பிறந்தவர். 16-வது வயதில் அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்றவர். 2000-ம் வருஷத்தில் அந்நாட்டுப் பிரஜையானவர். 2016-ம் வருஷத் தேர்தலில் சியாட்டில் தொகுதியில் வெற்றி பெற்று, ஜனப்பிரதிநிதி சபையில் இடம்பெற்ற முதல் இந்திய வம்சத்துப் பெண்மணியானவர். எனினும், பிறந்த ஊரைச் சொல்லி மகிழ்வதோடு நாம் நின்றுவிட்டால் அவருக்கும் நியாயம் செய்தவர்களாகோம், நமக்கும் பயனில்லை. அவர் கூறுவது யாது, அது சரிதானா என்பதே ஆராயத்தக்கது.

முதலாவது, வைத்தியம். வயோதிகர்களுக்காக 1965-ம் வருஷத்தில் ஏற்பட்ட மெடிகேர் என்னும் சர்க்கார் இன்ஷூரன்ஸை ஜனங்கள் அனைவருக்கும் விரிக்க வேண்டுமென்று 2019 பிப்ரவரியில் அவர் மசோதா கொண்டுவந்தார். நூற்றுக்கு மேற்பட்ட அங்கத்தினர் அதை ஆதரித்தனர். அமெரிக்காவில் வைத்திய இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் உத்தியோகத்தோடு பிணைக்கப்பட்டது. 1942-ம் வருஷத்தில், யுத்தத்தின் பொருட்டு, சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். முதலாளிகள் இன்ஷூரன்ஸைக் காட்டி ஆள் சேர்த்தார்கள். யுத்தம் முடிந்தது, கட்டு அவிழவில்லை. 1945-ல் ஜனாதிபதி ட்ரூமன் தேசிய இன்ஷூரன்ஸ் வேண்டுமென்றபோது வைத்தியர் சங்கமே அதை எதிர்த்து நின்றது. 2023-ம் வருஷத்திலும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோர் யாதொரு இன்ஷூரன்ஸுமின்றி இருந்தார்கள்.

இரண்டாவது, குடியேற்றம். இந்தியன் அமெரிக்கப் பிரஜையாகத் தகுதியற்றவன் என்று 1923-ல் பகத்சிங் திந்த் வழக்கில் அந்நாட்டு உயர்தர நீதிஸ்தலம் தீர்ப்பளித்ததை நாம் மறக்கவில்லை. 1946-ம் வருஷச் சட்டம் வருஷத்துக்கு 100 இந்தியருக்கு மட்டும் கதவைத் திறந்தது. 1965-ம் வருஷச் சட்டமே பிறந்த தேசத்தைக் கொண்டு தரம் பிரித்த பழைய முறையை நீக்கிற்று. ஆயினும் கதவுக்கு உள்ளே சென்றவனின் நிலை என்ன? ஸ்ரீமதி ஜயபாலின் வாஷிங்டன் மாகாணத்திலேயே, டகோமா நகரில், குடியேற்ற விசாரணைக்காக அடைக்கப்பட்டோரை ஜியோ குரூப் என்ற கம்பெனி காவலில் வைத்து நடத்தியது. அவர்களைக் கொண்டு சமையலும் துப்புரவும் செய்வித்து, நாளொன்றுக்கு 1 டாலர் கொடுத்தது. மாகாணத்தின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை அது மீறிற்று என்று 2021 அக்டோபரில் ஜூரிகள் தீர்மானித்தனர். இத்தகைய தனியார் காவற்கூடங்களை ஒழிக்கும் மசோதாவை ஸ்ரீமதி ஜயபால் 2017-லேயே சகா ஒருவருடன் கொண்டுவந்திருந்தார்.

மூன்றாவது, பெருங் கம்பெனிகளின் ஆதிக்கம். அமேஸான் கம்பெனி அவருடைய சியாட்டில் நகரத்தில் தலைமை நிலையம் கொண்டது. அப்படியிருந்தும், 2020 ஜூலையில் கமிட்டி விசாரணையில், தன் சந்தையில் விற்கும் சிறு வியாபாரிகளின் கணக்கைப் பார்த்துக் கம்பெனி தானே போட்டிச் சரக்கு விற்கிறதா என்று அதன் அதிபரை நேருக்கு நேர் கேட்டார். அவ்வாறு செய்யலாகாதென விதி உண்டு. அது ஒருபோதும் மீறப்படவில்லையென்று உறுதி கூற முடியாது என்பதே பதில். சந்தையை நடத்துவோர் அதே சந்தையில் கடை வைக்கலாகாது என்பது அவருடைய 2021-ம் வருஷ மசோதாவின் சாரம். கமிட்டியில் 21-க்கு 20 என்ற வாக்குகளால் தேறிய அம்மசோதா, சபையில் வாக்கெடுப்பையே காணவில்லை.

இம்மூன்றும் வெவ்வேறு விவகாரங்கள் போலத் தோன்றினும் வேர் ஒன்றே என்பது நமது அபிப்பிராயம். நோயாளி மனைவியையுடைய தொழிலாளி இன்ஷூரன்ஸ் போய்விடுமென்று அஞ்சி வேலையை விடமாட்டான். எச்-1பி அநுமதியில் சென்ற நமது இளைஞன் வேலையிழந்தால், 60 நாட்களுக்குள் வேறு முதலாளியையோ வேறு வழியையோ தேடியாக வேண்டும். சிறு வியாபாரி அந்த ஒரு சந்தையை விட்டால் வாங்குவோரைக் காணான். விலக முடியாதவன் பேரம் பேச முடியாது. பேரம் பேச முடியாதவன் பெயரளவில்தான் சுதந்திரன். ஒப்பந்தம் இருவர் சம்மதத்தால் ஆவது என்று சட்டம் கூறும். வேறு போக்கிடமின்றிக் கையொப்பமிடுவதைச் சம்மதமென்று எந்த நியாயவாதி கூறுவான்?

ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. இதையொத்த ஸெனட் மசோதா ஒன்றால் பத்து வருஷங்களில் சர்க்கார் செலவு 32 லட்சம் கோடி டாலருக்கு மேல் பெருகுமென்று 2018-ல் ஜியார்ஜ் மேஸன் சர்வகலாசாலையின் ஆராய்ச்சி நிலையமொன்று கணக்கிட்டது. பெருந்தொகைதான். ஆனால் ஆஸ்பத்திரிகள் மெடிகேர் கட்டணத்தை ஏற்பதாகக் கொண்டால், தேசத்தின் மொத்த வைத்தியச் செலவு சற்றுக் குறையும் என்பதும் அதே கணக்கிலிருந்து பெறப்பட்டது. அவை ஏற்குமா என்பதே உண்மையான வழக்கு. வெகுகாலம் போராடித் தொழிற்சங்கங்கள் பெற்ற நல்ல இன்ஷூரன்ஸைக் கைவிடச் சொல்வதும் எளிதன்று. இவற்றுக்கு ஸ்ரீமதி ஜயபாலின் கட்சியார் தேசத்துக்குத் திருப்தியான விடை கூறியாக வேண்டும்; உற்சாகம் மாத்திரம் விடையாகாது.

அவருடைய மசோதாக்கள் இவற்றில் ஒன்றும் சட்டமாகவில்லை. ஆயினும் ட்ரூமன் கேட்டதில் ஒரு பகுதியேனும் நிறைவேற 20 வருஷங்கள் சென்றன. நம் பிள்ளைகளை அக்கரைக்கு அனுப்பி, அவர்கள் சம்பளத்தை மாத்திரம் கணக்கிடும் பெற்றோர், இனி இன்னொன்றையும் விசாரிப்பார்களாக: அந்த வேலையை வேண்டாமென்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டா? இல்லையெனில், சம்பளம் எவ்வளவாயினும் அது பொன் விலங்கே.