பேசாமல் சாப்பிடு!

நல்ல குழந்தைக்கு நம்மவர்கள் கொடுக்கும் நற்சான்று என்ன தெரியுமா? "சமர்த்து; வாயையே திறக்காது" என்பதுதான். விருந்தாளி வந்தால் பேசக் கூடாது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. சாப்பிட உட்கார்ந்தால் மூச்சு விடக் கூடாது. மூன்று வயதில் பால்வாடிக்குப் போனால் அங்கேயும் முதல் பாடம் இதுவே: கையைக் கட்டு, வாயைப் பொத்து.

சமீபத்தில் ஓர் அங்கன்வாடிக்குப் போயிருந்தேன். மத்தியான வேளை. சுமார் இருபது குழந்தைகள் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தன. அன்று முட்டை போடும் நாள். ஒரு பொடியன் தன் முட்டையை உருட்டி உருட்டிப் பார்த்தான். "டீச்சர், இதுக்குள்ளே குஞ்சு எங்கே?" என்றான். "பேசாமச் சாப்பிடு, கண்ணு" என்றார் ஆசிரியை. அன்பாகத்தான் சொன்னார். அவர் கையில் கைபேசி. அன்றைய கணக்கை அதில் ஏற்றிக்கொண்டிருந்தார். பையன் முட்டையை விழுங்கினான். கேள்வியையும் சேர்த்துத்தான்.

அந்த அம்மாளைக் குற்றம் சொல்வதற்கில்லை. பால்வாடி என்றால் சோறு போடும் இடம் என்றுதானே ஊரே எண்ணி வந்திருக்கிறது? 1975 அக்டோபர் 2-ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, அதற்குச் சொல்லப்பட்ட ஆறு பணிகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 முதல் சத்துணவும் வந்தது. ஏழைக் குழந்தையின் பசி தீர்ந்தது மகத்தான காரியம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் சோறு முன்னே வந்ததும் பேச்சு பின்னே போய்விட்டது.

இப்போது காற்று மாறி அடிக்கிறது. மூன்று வயதிலிருந்தே கல்வி என்கிறது 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை. 'ஊட்டமும் உண்டு, படிப்பும் உண்டு' என்ற பொருளில் 2023-இல் மத்திய சர்க்கார் ஒரு திட்டத்தைத் தொடங்கி, அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சியும் ஏற்பாடு செய்தது. மூன்று முதல் ஆறு வயதினருக்கான 'ஆதார்சிலா' பாடத்திட்டம் 2024-இல் வெளியாயிற்று. அதற்கு முன்பே, 2019-இல், தமிழ்நாட்டில் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன.

இங்கேதான் எனக்கு ஒரு பயம். படிப்பு என்றதும் நமக்கு என்ன தோன்றுகிறது? கோரஸ்! ஆசிரியை யானைப் படத்தைக் காட்டி "இது என்ன?" என்பார். "யானை!" என்று கூரை அதிரும். "என்ன நிறம்?" "கறுப்பு!" இது பரீட்சை, சம்பாஷணை அல்ல. கேட்பவருக்கு விடை தெரியும். அவருக்குத் தெரியும் என்பது குழந்தைக்கும் தெரியும். அதற்குமேல் பேச அங்கே என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அம்மையார் 1970-களில் ஆரம்பப் பள்ளிகளின் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரே ஒரு விநாடி! அதை மூன்று விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன. வாய் திறவாத பிள்ளைகளும் பேசினர். பிள்ளைகளே கேள்வி கேட்கவும் தொடங்கினர். செலவு இரண்டு விநாடிதான். இங்கிலாந்தில் 1997-இல் தொடங்கி ஏறத்தாழ 3,000 சிறுவர்களைப் பின்தொடர்ந்த ஆராய்ச்சியும், ஆசிரியையும் குழந்தையும் ஒரே விஷயத்தை விடாமல் சேர்ந்து யோசித்துப் பேசுவது சிறந்த மழலையர் பள்ளிகளில் அதிகம் என்று கண்டது.

நம் முட்டைக்காரப் பையனிடமே திரும்புவோம். "அட, குஞ்சு இல்லையா? எங்கே போயிருக்கும்னு நீ நினைக்கிறே?" என்று கேட்டுவிட்டு ஆசிரியை சும்மா இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். "அம்மாக் கோழி எடுத்துக்கிச்சு" என்பான். சிரிக்கக் கூடாது. "உங்க வீட்டிலே கோழி இருக்கா?" "இருந்துச்சு. மாமா வந்தாங்க, அடிச்சாச்சு." பக்கத்துப் பெண் சும்மா இருப்பாளா? "எங்க ஆயா அடை வெச்சிருக்கு!" என்று எழுந்து நிற்பாள். ஓடு, கரு, அடைகாத்தல், கூடவே ஒரு கோழி போன துக்கம், எல்லாம் ஒரு முட்டையிலிருந்து. சுவரில் தொங்கும் எந்தப் படம் இதைத் தரும்?

"ஏன்?" என்று மட்டும் அடிக்கடி கேட்க வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். நம் வீடுகளில் அந்தச் சொல் அதட்டலோடுதான் வரும். குழந்தை தப்புச் செய்துவிட்டதாகவே நினைத்துக்கொள்ளும். "அப்புறம்?" என்பது எவ்வளவோ மேல். பாட்டி கதை சொல்லும்போது நம்மை 'உம்' கொட்டச் சொல்வாள் அல்லவா? அங்கன்வாடியில் குழந்தை கதை சொல்லட்டும். டீச்சர் 'உம்' கொட்டட்டும். "முட்ட ஒடஞ்சு போச்சி" என்று குழந்தை சொன்னால், "உடைந்துவிட்டது என்று சொல்" எனத் திருத்தவும் வேண்டாம். "அடடா, உடைஞ்சு போச்சா? எப்படி உடைஞ்சுது?" என்றால் திருத்தமும் ஆயிற்று, பேச்சும் ஓடும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று பணியாளர்கள் கேட்பார்கள். வாஸ்தவம். எடை போட வேண்டும். கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்குத் தாய்மாரைத் திரட்ட வேண்டும். 2021 முதல் 'போஷண் டிராக்கர்' செயலி வேறு. போதாக்குறைக்குப் பலருக்கு வாக்காளர் பட்டியல் வேலையும் உண்டு. பேசப் பயிற்சி கொடுத்த கையாலேயே பேசும் பொழுதைப் பிடுங்கிக்கொண்டால் எப்படி? குழந்தைகள் சாப்பிடும் அந்த அரை மணி நேரமாவது கைபேசியைத் தொட வேண்டாம் என்று மேலிடம் உத்தரவு போடலாம். கணக்கை ஒரு மணிக்கு ஏற்றினால் குடி முழுகிவிடாது.

இன்னொருவரை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்: உதவியாளர், குழந்தைகளின் 'ஆயாம்மா'. பெரும்பாலும் அதே ஊர்க்காரர். யார் வீட்டு ஆடு குட்டி போட்டது, யாருக்குத் தம்பி பிறந்தான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கை கழுவி விடுகிறவரும் தலை வாரி விடுகிறவரும் அவர்தாம். பேச்சு வளர அவையல்லவா சரியான வேளைகள்? பயிற்சியென்றால் அவரையும் சேர்த்தே உட்கார வைக்க வேண்டும்.

நான் புறப்பட்டபோது அந்தப் பையன் குழாயடியில் நின்றான். ஆயாம்மா அவன் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, "டீச்சர்கிட்ட என்னடா கேட்டே?" என்றார். அவன் சற்று யோசித்தான். ஆயாம்மாவும் அவசரப்படவில்லை.

"குஞ்சை நான் தின்னுட்டேனா, ஆயாம்மா?" என்றான்.