பிரிக்க வேண்டியது வாடகையை

திருமயம் கோட்டைக்குச் சற்றுத் தள்ளி, கடியாபட்டியில் நூற்றாண்டு கண்ட நகரத்தார் வீடான சிதம்பர விலாஸ் இன்று தங்கும் விடுதி. மாவட்ட எல்லை தாண்டினால் கானாடுகாத்தானில் விசாலம், காரைக்குடியில் பங்களா என்று இன்னும் சில. பாட்டன் கட்டிய வீட்டில் முன்பின் தெரியாதவருக்குப் படுக்கை விரிப்பதா என்ற முகச்சுளிப்பு இவற்றைப் பற்றி எப்போதும் உண்டு. விடுதியாவதுதான் இந்த வீடுகளுக்குக் கிடைத்திருக்கும் வழிகளில் கேடு குறைந்தது என்பது என் கட்சி. காரணம் அழகோ பாரம்பரியப் பெருமையோ அல்ல. பங்காளிக் கணக்கு.

செட்டிநாட்டு வீடுகள் பாழானதற்குப் பர்மாவைச் சொல்வது வழக்கம். தவறில்லை. 1930இன் உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, கடனைக் கட்ட முடியாத உழவர்களின் நிலமெல்லாம் அங்கே நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளின் தலையில் விழுந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1938இல் 25 பங்கானது. 1942இல் ஜப்பானியர் வந்தார்கள். விடுதலைக்குப் பிறகு பர்மிய அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. வீட்டைத் தாங்கிய வருமானம் அதோடு நின்றது. ஆனால் வருமானம் நின்ற வீடெல்லாம் இடிந்துவிடுவதில்லை. வளவைச் சுற்றி மகனுக்கு ஓர் அறை என்று கட்டிய வீட்டுக்கு நாலு தலைமுறையில் எத்தனை பேர் பாத்தியதைக்காரர்கள் ஆகிறார்கள்? ஒருவர் சென்னையில், ஒருவர் கோவையில், இன்னொருவர் சிங்கப்பூரில். நாட்டு ஓடு நாலு சரிந்தால் மாற்ற ஆள் வேண்டும், பணம் வேண்டும்; தன் பணத்தைப் போட்டு எல்லாருக்கும் பொதுவான கூரையை எந்தப் பங்காளி வேய்வார்? இந்த நிலையில் வீட்டை விற்கச் சுலபமான வழி, பிரித்து விற்பதுதான். தேக்குத் தூண், நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, பித்தளை அண்டா என்று தனித்தனியாகக் காசாக்கினால் பங்கு போடுவதில் வில்லங்கமே இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள் வாழ்வது இந்தச் சுலபத்தினால்தான்.

தங்க வருகிறவரோ முழு வீட்டுக்குக் காசு கொடுக்கிறார். முகப்பு, வளவு, முற்றத்தில் இறங்கும் வெயில், பின்கட்டு அடுப்படி எல்லாம் சேர்ந்து இருந்தால்தான் அவர் வருவார்; தூணைக் கழற்றி விற்ற அன்றே அறை வாடகையும் இறங்கிவிடும். குத்தகைக்கு விட்டால் உரிமை குடும்பத்திடமே இருக்கிறது. பங்காளிகள் நாற்பது பேர் இருந்தாலும் குத்தகைப் பணத்தை அத்தனை பேருக்கும் பைசா சுத்தமாகப் பிரித்துக் கொடுக்கலாம், வீடு ஒன்றாகவே நிற்கும். பலருக்குச் சொந்தமான வீட்டை உடைக்காமல் பங்கு வைக்க இதைவிடத் தோதான தொழில் எனக்குத் தெரியவில்லை.

பங்காளித் தொல்லையே இல்லாத இடத்தில் என்ன ஆனது என்றும் பார்க்கலாம். ஸ்காட்லாந்தின் பெரிய நாட்டுப்புற மாளிகைகள் வழிவழியாக மூத்த மகனுக்கே போனவை. அங்கும் இறந்தவர் சொத்தின் மீது 1894இல் வந்த வரியும், இரண்டு உலகப் போர்களும், வேலையாள் கூலியும் சேர்ந்து மாளிகை மாளிகையாக இடித்துத் தள்ளின. டம்ஃப்ரீஸ் ஹவுஸ் என்ற 18ஆம் நூற்றாண்டு வீட்டுக்காகவே சிப்பண்டேல் செய்து கொடுத்த மரச்சாமான்கள் 2007இல் ஏலத்துக்காக லண்டனை நோக்கி லாரியில் கிளம்பியேவிட்டன. அன்றைய இளவரசர் சார்லஸ் திரட்டிய கூட்டமைப்பு 4.5 கோடி பவுண்டுக்கு வீட்டையும் சாமானையும் சேர்த்து வாங்கிய பிறகு லாரிகள் திரும்பின. இப்போது அந்த வளாகத்திலும் விருந்தினர் விடுதி நடக்கிறது. ஆக, ஒரே வாரிசு இருப்பதும் வீட்டைக் காப்பாற்றாது. சாமானும் சுவரும் ஓரிடத்தில் இருப்பதற்கு யாராவது தொடர்ந்து காசு கொடுத்தாக வேண்டும். நம் ஊரில் அந்த யாரோ ஓர் இளவரசர் இல்லை.

விடுதியாக்கினால் வீடு கெடும் என்பது வலுவான ஆட்சேபம்தான். வளவு அறைகள் படுக்கையறைகளே அல்ல. சீர்வரிசைப் பாத்திரமும் நகையும் பூட்டி வைத்த சிறிய, இருண்ட அறைகள். மனிதர்கள் படுத்தது தாழ்வாரத்திலும் பட்டாலையிலும். அந்த அறைக்குள் இன்று குளியலறையும் குளிரூட்டியும் வேண்டுமென்றால் சுண்ணாம்புச் சுவரைக் குடையத்தான் வேண்டும். குடைந்த இடத்தைச் சிமெண்ட் வைத்து அடைத்தால் ஈரம் வெளியேற வழியின்றிப் பக்கத்துப் பூச்சும் உரியும். அறியாமல் செய்த இந்தக் கொடுமையும் நடக்காமல் இல்லை. ஆனாலும் குடைந்த சுவரை முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்பால் மறுபடி மூடலாம். விலையாகி ஏதோ கடற்கரைப் பங்களாவுக்குப் போன தூண் திரும்பி வராது. அந்தப் பூச்சு தெரிந்த கொத்தனார் கைவசம் இருக்க வேண்டுமென்றால் அவருக்கு வருஷம் முழுக்க வேலை கொடுக்க ஏதாவது ஒரு வீடு வேண்டும்.

அடுத்து, உள்ளூர்க்காரர் ஒரு ராத்திரி தங்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது, பலருக்கு அந்த வாடகை மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி. ஆனால் இவை ஒருநாளும் எளியவர் வீடாக இருந்ததில்லை. பர்மா உழவன் கட்டிய வட்டியும் இந்தத் தூண்களில் இருக்கிறது. பூட்டிய வீட்டைவிட, சமையலுக்கும் தோட்டத்துக்கும் கடியாபட்டிக்காரரையே வேலைக்கு எடுத்து, பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதவு திறக்கிற வீடு ஊருக்கு நெருக்கமானது. அப்படித் திறக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை ஊருக்கு உண்டு.

எல்லா வீட்டையும் விடுதியாக்க முடியாது என்பதை மறுக்கவில்லை. எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் ஆயிரக்கணக்கான வீடுகள். அவ்வளவுக்கு விருந்தாளி எங்கே? யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு ஏறியது 2014இல். இன்னும் அங்கேயே இருக்கிறது. செட்டிநாட்டிலும் சிவகங்கைப் பக்கத்துக்குக் கிடைக்கும் பெயர்கூட ராயவரம், அரிமளம் போன்ற புதுக்கோட்டை ஊர்களுக்கு இல்லை. சித்தன்னவாசல் ஓவியத்தையும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும் பார்க்க வருகிறவர் பொழுது சாய்வதற்குள் திருச்சிக்கோ தஞ்சைக்கோ கிளம்பிவிடுகிறார். ஊருக்கு ஒரு வீடு விடுதியானாலும் அவரை ஓர் இரவு நிறுத்தலாம். அங்கே வேலை பார்க்கும் தச்சரையும் கொத்தனாரையும் மற்ற வீட்டுக்காரர்கள் கூப்பிட்டுக்கொள்ளலாம். அதற்கு முதலில் பாத்தியதைக்காரர் நாற்பது பேரும் ஒரே பத்திரத்தில் கையெழுத்திட வழி வேண்டும். கூரைச் செலவுக்கென்று வாடகையில் ஒரு பகுதி ஒதுக்குவது, சிமெண்ட் பூச்சுக்குத் தடை, முன்னோருக்குப் படைக்கும் படைப்பு நாளில் வீடு குடும்பத்துக்குத் திரும்புவது ஆகிய மூன்று ஷரத்துகளோடு ஒரு மாதிரிக் குத்தகைப் பத்திரத்தைச் சுற்றுலாத் துறையே அச்சிட்டுக் கொடுக்கலாம். செலவு பிடிக்கிற காரியமில்லை.